மூடுபனி விலகுமுன் அக்கரைக்கு

எங்கள் எஸ்டேட்டில் என் கணவருக்கு ‘ஏலாது டிரைவர்’ என்று பெயர். அவர் ஓட்டியது லாரியும் அல்ல, ஜீப்பும் அல்ல, லாஞ்சு. நீலகிரியில் குந்தாப் பக்கத்து அணைத் தண்ணீரில் ஆளையும் அரிசியையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு டுப்புடுப்பென்று போகும் பழைய டீசல் லாஞ்சு. அவர் சிலோன் தோட்டத்தில் பிறந்து, வாலிப வயதில் குடும்பத்தோடு கப்பலேறித் திரும்பி வந்தவர். அந்தத் தோட்டத்துத் தமிழில் ‘ஏலாது’ என்றால் முடியாது. "கிளம்பலாமா டிரைவர்?" என்று யார் கேட்டாலும் வானத்தை ஒரு பார்வை, தண்ணீரை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டே, "ஏலாது" என்பார்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பிக்கட்டியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள், கேட்டவர் புரிந்துகொண்டு போய்விடுவார். இந்த மனுஷனோ மேனேஜர் வந்து நின்றாலும் ஏலாது, கோயில் பூசாரி வந்து நின்றாலும் ஏலாது. எங்கள் கல்யாணம் நாங்களே பார்த்து முடிவு செய்தது, ஆகையால் யாரிடமும் போய்ப் புலம்பவும் வழியில்லை.

எங்கள் எஸ்டேட்டின் தலையெழுத்து அப்படி. கோடையில் அணையில் தண்ணீர் வற்றிவிடும். பழைய பாதை மேலே வரும், நடந்தே ரோட்டுக் கரைக்குப் போய் பஸ் ஏறலாம். மழை பிடித்துத் தண்ணீர் ஏறிவிட்டால் பாதை முழுகிவிடும், அப்புறம் லாஞ்சுதான். காட்டைச் சுற்றி ஒரு வழி உண்டு. ஆனால் மழைக்காலத்தில் அதன் குறுக்கே இரண்டு ஓடைகள் கரை புரண்டு ஓடும். ஆக, காற்று இல்லாத காலத்தில் லாஞ்சு வேண்டியதில்லை. காற்று பேயாய் அடிக்கும் ஆனி ஆடி ஆவணியில் லாஞ்சை விட்டால் கதியில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அவர் அடக்கமான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வாய் ஓயாது. சுருள் முடிக்கு எண்ணெய் வைத்து, சிவப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, லாஞ்சின் பின்பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "இந்த நீலகிரியில என்னை மாதிரி லாஞ்சு ஓட்டுறவன் இன்னொருத்தன் இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க பாப்பம்" என்பார். நீலகிரியில் மொத்தம் எத்தனை லாஞ்சு என்று நான் கேட்டால் காது கேட்காதது போல் இருந்துவிடுவார்.

அவருக்கு இந்தப் பிடிவாதம் தலைமன்னாரில் வந்தது. இந்தியாவுக்கு வரும் கப்பலில் ஏற வரிசையில் நின்றபோது, காற்று சரியில்லை என்று கப்பலை நிறுத்திவிட்டார்களாம். கடல் பார்க்க நன்றாகத்தான் இருந்ததாம். மூட்டை முடிச்சோடு, கைக்குழந்தையாக இருந்த தங்கையோடு, குடும்பமே வெயிலில் கிடந்தது. எல்லோரும் கப்பல்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார்களாம், என் மாமனார் உட்பட. மத்தியானத்துக்கு மேல் அடித்த காற்றில் நின்றவர்களின் தகரப்பெட்டியே உருண்டு ஓடியதாம். "அந்தக் கப்பல்காரன் மூஞ்சியக்கூட நான் பாக்கல. ஆனா அத்தனை பேர்க்கிட்டயும் வசவு வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்தான் பாரு, அவன் ஆம்பளை" என்பார். இந்தக் கதையை மட்டும் அவர் ஒருபோதும் கூட்டிச் சொன்னதில்லை.

லாஞ்சில் அவர் வைத்ததுதான் சட்டம். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளிருக்கும் மழைக்கும் கம்பளியைப் போர்த்தி, அதன் மேல் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். லாஞ்சில் ஏறுமுன் முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். நனைந்த கம்பளி ஆளை உள்ளே இழுத்துவிடும், முடிச்சை அவிழ்க்கத் தண்ணீருக்குள் நேரம் இருக்காது என்பார். ஆள் விழுந்தால் பிடித்துக்கொள்ளக் காற்றடித்த லாரி டியூப்கள் பக்கவாட்டில் கட்டியிருக்கும். அவற்றில் யாராவது உட்கார்ந்தால் தொலைந்தார்கள். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும் என்று காலையோடு நிறுத்திவிடுவார். மாசியில் தண்ணீர் இறங்கும்போது முழுகிய மரங்களின் கட்டைகள் எங்கெங்கே தலைகாட்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஆனால் சனங்களோடு அவருக்கு நித்தம் சண்டை வந்தது மூடுபனியை வைத்துத்தான். மலையில் இருப்பவர்களுக்கு மூடுபனி என்றால் பயம். பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியாது, ஒரு பக்கம் பள்ளம். பனி விலகி வெயில் முகம் காட்டிய பிறகுதான் பஸ் டிரைவரே தைரியமாக கியர் மாற்றுவார். அதே பழக்கத்தில் எங்கள் சனம் லாஞ்சுக்கும் பனி விலகட்டும் என்று காத்திருக்கும். தண்ணீரில் கணக்கே வேறு. காற்று ஓய்ந்திருந்தால்தான் பனி தண்ணீர் மேல் படுத்துக் கிடக்கும். அது விலகுகிறது என்றால் காற்று கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதனால் விடியற்காலையில் பனிக்குள்ளேயே போய்வர வேண்டும் என்பார். பனியும் காற்றும் சேர்ந்து வருகிற நாளில் லாஞ்சே கிடையாது.

பனிக்குள் வழி தெரிய வேண்டுமே? அதற்குத்தான் சத்தம். எஸ்டேட்டில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, கூப்பிட சிலோன் வழக்கப்படி தப்புப் பறை அடிப்பார்கள். அந்தத் தப்பையே படகுத்துறையில் அடிப்பார்கள். ரோட்டுக் கரையில் கற்பூர மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அங்கிருக்கும் வாட்ச்மேன் அதைத் தட்டிப் பதில் கொடுப்பார். டங் டங், கொஞ்சம் நிறுத்தி மறுபடி டங் டங். அந்தச் சத்தத்தை நோக்கித்தான் லாஞ்சு போகும். ரோட்டுக் கரைத் துறையின் இரண்டு பக்கமும் முழுகிய மரக்கட்டைகள். சத்தம் இல்லாமல் பனிக்குள் போனால் கட்டையில் ஏறி லாஞ்சு கவிழ்ந்துவிடும். பதில் சத்தம் வராவிட்டால் கயிற்றை அவிழ்க்கவே மாட்டார்.

இந்தச் சட்டமெல்லாம் ஊருக்குத்தான் என்றால் எளிது. அவருடைய ஒரே தங்கையின் கல்யாணத்துக்கும் வந்தது சோதனை.

என் நாத்தனாருக்கு முன்பு ஒரு இடம் பேசி, சிலோன்காரக் குடும்பம், ஊர் உறவு யாரென்று தெரியவில்லை என்று சொல்லித் தட்டிப்போயிருந்தது. அதன் பிறகு அவள் வாசலில் கோலம் போடுவதைக்கூட விட்டுவிட்டாள். அப்புறம் வந்ததுதான் ஜெகதளா இடம். மாப்பிள்ளை ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். பையனுக்குப் பிடித்திருந்தது, அவருடைய அப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் போதும், எழுந்து போய்விடுவார் என்று எங்களுக்குத் தெரியும்.

நிச்சயத்துக்கு அவர்கள் லாஞ்சில்தான் வந்தார்கள். நல்ல பனி. மாப்பிள்ளை பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. "அந்தத் தட்டற சத்தம் என்னங்க மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டார். என் கணவருக்குக் கேட்கவா வேண்டும்? எங்கள் கரை வரும்வரை மூச்சுவிடாமல் விளக்கிவிட்டார். கடைசியில், "அந்தச் சத்தம் இல்லைன்னா மகாராணியே வந்தாலும் நான் லாஞ்சு எடுக்க மாட்டன்" என்று முடித்தார். எதிர்கொண்டு அழைக்கப் போயிருந்த நாங்கள் பெண்கள் சிரித்தோம்.

கல்யாணம் ஆவணி முதல் முகூர்த்தத்தில், ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை ஊர்க் கோயிலில். முதல் நாள் சனிக்கிழமை விடியற்காலை பெண்ணை அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. ரோட்டுக் கரையில் சம்பந்தி வீட்டார் வேனோடு காத்திருப்பார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் என் கணவர் லாஞ்சில் ஏறித் தயாராக நின்றார். கண் தெரியாத பனி. அக்கரையிலிருந்து தண்டவாளச் சத்தம் அழகாகக் கேட்டது. ஆனால் ஒருவரும் ஏறவில்லை. என் மாமியார், "மங்கல காரியத்துக்குப் போறோம், இந்த இருட்டுலயா பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறது? கொஞ்சம் வெளுக்கட்டும்" என்றார். தாய்மாமன் தேவாலாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர். அவரும் பனி விலகட்டும் என்றார். ஒருத்தி தேங்காயை மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு ஓடினாள். என் கணவர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கல்யாண வீட்டில் யார் பேச்சை யார் கேட்பார்கள்?

எல்லோரும் ஒருவழியாகக் கூடியபோது பனி விலகிவிட்டது. பளிச்சென்று வெயில். துறையில் தண்ணீர் சிற்றலைகூட இல்லாமல் கிடந்தது. "பாத்தியா, இப்ப எப்படி இருக்கு!" என்றார் மாமன்.

என் கணவர் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினார். "இனி ஏலாது" என்றார்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாமன் அவர் சட்டையைப் பிடித்தார். மாமியார் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டார். பொறாமை பிடித்தவன் என்றார்கள், தங்கச்சி நல்லா இருப்பது பிடிக்கவில்லையா என்றார்கள். அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஹேண்டிலைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். நாள் முழுக்கப் பேசுகிற மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

எனக்கும் கோபம்தான். "ஏனுங்க, ஒரு தடவை போய்ட்டு வந்துருங்களேன். அந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க" என்றேன். அவர் மேலே தேயிலைக் காட்டைக் கையால் காட்டினார். "அங்கன ஏறி நின்னு பாத்துட்டு வந்து சொல்லு. நீ போகலாம்னு சொன்னா எடுக்கிறன்."

வீம்புக்கு ஏறினேன். துறை ஒரு மடக்குக்குள் இருப்பதால் அங்கே காற்று தெரியாது என்பது எனக்கு அதுவரை உறைத்ததில்லை. மேலே போனதும் முந்தானை முகத்தில் அறைந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கிலிருந்து காற்று இறங்கி, அணையின் நடுத் தண்ணீரை வெள்ளை வெள்ளையாகக் கிழித்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், ரோட்டுக் கரையில், சம்பந்தி வீட்டு வேன் தீப்பெட்டி அளவில் நின்றது. யாரோ துண்டை வீசி எங்களைக் கூப்பிட்டார்கள். நான் இறங்கி வந்து அவர் பக்கத்தில் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் வரை காற்று ஓயவில்லை. வேன் திரும்பி மேடேறிப் போனதை எல்லோரும் பார்த்தோம். டெலிபோன் செய்யலாம் என்றால், காற்று மழை வந்தால் எங்கள் எஸ்டேட்டில் முதலில் உயிரை விடுவது டெலிபோன் கம்பிதான். கல்யாணம் நின்றதுபோலத்தான் என்று பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அந்த மனுஷன் ஹேண்டிலைக் கீழே வைக்காமல் அதே பாறையில் இருந்தார்.

கல்யாணப் பெண் அழவில்லை. அண்ணனிடம் வந்து நின்றாள். "அண்ணே, காலையில ஏலுமா?" என்றாள்.

"காத்து இல்லாட்டி, பனியோட போயிரலாம்" என்றார்.

"நான் வாறன். வேற யார் வந்தாலும் வராட்டியும்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு விடிந்தது. காற்று துளி இல்லை. பனி என்றால் அப்படி ஒரு பனி, லாஞ்சின் முன்பக்கம் பின்பக்கத்துக்குத் தெரியவில்லை. அன்று யாரும் வாய் பேசாமல் ஏறினார்கள், மாமன் உட்பட. கம்பளி முடிச்சுகளைச் சொல்லாமலே அவிழ்த்தார்கள். பட்டுப்புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பெண் நூல்சேலையில் உட்கார்ந்தாள். துறையில் தப்படித்தார்கள்.

பதில் இல்லை.

மறுபடி அடித்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். ஒன்றும் இல்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை லாஞ்சு கிடையாது, வாட்ச்மேனுக்கு லீவு. சனிக்கிழமையே போய்விடுவோம் என்று நினைத்ததால் அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். ஹேண்டில் இஞ்சினில் மாட்டியிருந்தது, அவர் கை அதன் மேல் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். தங்கை அவருக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். அக்கரையிலிருந்து ஜெகதளா போகவே இரண்டு மணி நேரம் வேண்டும். போதாக்குறைக்குக் கிழக்கே பனி லேசாக வெளுக்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் காற்று வந்துவிடும்.

"ஏலாது" என்றார். ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தார். சீப்பைத் தொடவில்லை.

நான் அவரை எத்தனையோ தடவை மெச்சியிருக்கிறேன், பலதடவை கேலியாக, சில தடவை நிஜமாக. அந்த நிமிஷத்தில் மெச்சியதுபோல ஒருபோதும் இல்லை. ஊரே திட்டும்போது முடியாது என்பதற்கு வீம்பு இருந்தால் போதும். நெஞ்சு உடைந்துகொண்டிருக்கும்போதும் அதையே சொல்ல வேறு ஏதோ வேண்டும்.

அப்போது கேட்டது.

டங்.

எல்லோரும் நிமிர்ந்தோம். டங் டங் டங் டங். வாட்ச்மேன் தட்டுகிற தட்டு இல்லை. நிறுத்தமே இல்லாமல், தாறுமாறாக, மூச்சு வாங்குவதுபோல ஒரு தட்டு. "யாரோ புது ஆளு" என்றார் அவர். சொல்லிக்கொண்டே ஹேண்டிலைச் சுற்றிவிட்டார்.

பனிக்குள் போனோம். கொஞ்ச தூரம் போய் இஞ்சினை நிறுத்திக் காது கொடுப்பார். சத்தம் எந்தப் பக்கம் என்று பார்த்துத் திருப்பிக்கொண்டு மறுபடி கிளப்புவார். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் சத்தம் நின்றிருக்குமோ என்று பலகையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நிற்கவில்லை. நடுத் தண்ணீரைத் தாண்டினோம். பனிக்குள் முதலில் கற்பூர மரம் கறுப்பாகத் தெரிந்தது, பிறகு வேன், பிறகு மரத்தடியில் குரங்குக் குல்லாய் போட்ட ஒரு ஆள்.

மாப்பிள்ளை. மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு. காப்புக் கட்டியவன் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது இரு வீட்டாருக்கும் தெரிந்த வழக்கம். அவர் தாண்டி, மலையெல்லாம் சுற்றி, அவருக்கு ஆகாத தண்ணீரின் ஓரத்தில் வந்து நின்றிருந்தார். வாட்ச்மேன் வீடு பூட்டியிருந்ததால் சுத்தியல் கிடைக்கவில்லை. வேனின் வீல் ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தார். லாஞ்சு கரையைத் தொட்ட பிறகும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நிறுத்தினார்.

"சத்தம் இல்லைன்னா வரமாட்டேன்னு சொன்னீங்கல்லங்க மச்சான்" என்றார். "ஞாயித்துக்கிழமை வாட்ச்மேனுக்கு லீவுன்னு அன்னைக்கு நீங்க சொன்னது ராத்திரி படுத்த பொறவுதான் நெனப்பு வந்துச்சுங்க. அப்பா வேண்டாம்னுதான் சொன்னாருங்க. சொந்தத் தங்கச்சிக்கே படகு எடுக்காதவன் ஊட்டுல பொண்ணு எடுக்கோணுமான்னு கேட்டாருங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?" என்று கேட்டாள் பெண். மணவறைக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் பேசலாமா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"தங்கச்சிக்கே எடுக்காதவர நம்பி எங்க வேணும்னாலும் போலாமுங்களேன்னு சொன்னேன்" என்றார் அவர்.

என் கணவர் திரும்பிக்கொண்டார். லாஞ்சின் கயிற்றை மரத்தில் கட்ட ஆரம்பித்தார். வழக்கத்தில் நொடியில் கட்டுகிறவர், அன்று கட்டிக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்த்தால் நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துவிடுவோம் என்றுதான்.

ஒன்பதரைக்குக் கோயில் வாசலில் இறங்கினோம். சம்பந்தி எங்களைப் பார்த்து "வாங்க" என்றார். அதுவே போதும். தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், இரண்டு உடைந்து ரத்தம். விரல்கள் மடங்கவில்லை. முதல் முடிச்சு நழுவியது. நாயனக்காரர் கன்னம் உப்ப வாசித்துக்கொண்டே இருந்தார், சனம் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. சம்பந்தி உதட்டைக் கடித்தார்.

என் கணவர் பின்னாலிருந்து குனிந்தார். எத்தனையோ வருஷம் அவரோடு குடித்தனம் செய்துவிட்டேன். அன்று அவர் பேசிய மாதிரி ஒரு குரலை அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

"அவசரமே இல்ல மாப்பிள்ளை. மெதுவாக் கட்டுங்க" என்றார். "ஏலும்."

மாப்பிள்ளை ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுவிட்டு, அந்தப் புண்ணான கையாலேயே கட்டினார்.